ஆம்ப்ளி அண்ணனின் ஆட்டுப்பாட்டு

பூமியில் இதுவரை பிறந்த மனிதர்களில் மைக்கிடம் நலம் விசாரித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் ஆம்ப்ளி அண்ணன்.

மற்றவர்கள் மைக்கைத் தட்டி "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். அண்ணன் வாயருகே வைத்துக்கொண்டு, "சோறு தின்னாச்சா?" என்பார். கொஞ்சம் நிறுத்துவார். "கறி என்னதாக்கும்?" மறுபடி நிறுத்துவார். ரப்பர்க்காடு தாண்டி, எல்லை தாண்டி, தமிழ்நாட்டுக்குள்ளும் நாலு வீடு வரை அந்தக் கேள்வி போகும். பாறசாலைப் பக்கம் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், மாமியார்தான் கேட்கிறாள் என்று பயந்து "தின்னாச்சு" என்று வாசலுக்கு ஓடி வந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தார். ஒரு அடுப்பு, ஒரு தட்டு, பதினாறு ஸ்பீக்கர்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓணத்துக்கு ஆளாளுக்குக் காமெடி கேசட் போட்டுக்கொண்டிருந்த காலம். அவர் கடையில் சாயா குடிப்பதையே வேலையாக வைத்திருந்த நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அண்ணே, உங்க கேள்வியளப் பாட்டாக்கி, பதிலுக்கு ஒரு ஆட்டைக் கத்தவிட்டா எப்பிடி இருக்கும்?"

மறுநாளே ஓர் ஆட்டை இரவல் வாங்கி வந்துவிட்டார். ஜன்னலில் ஜமுக்காளம் கட்டி, டேப் ரிக்கார்டரை அழுத்தினோம். ஆடு ஒரு கட்டு பிலாவிலை தின்றது. மைக்கின் தலையிலிருந்த ஸ்பாஞ்சையும் தின்றது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

"எலே, நீ கத்து."

"நானா அண்ணே?"

"ஆட்டுக்க மூஞ்சியவிட உனக்க மூஞ்சி பொருத்தமாத்தான் இருக்கு மக்கா."

இப்படித்தான் நான் கலையுலகில் நுழைந்தேன்.

பாட்டு இவ்வளவுதான். சோறு தின்னாச்சா? ம்மே. கறி என்னது? ம்மே. உப்பு உண்டா? ம்மே. நாளைக்கு வாறியா? இதற்கு மட்டும் நீளமாக, ம்மேஏஏ. மலையாளத்திலும் ஒரு சரணம் உண்டு. ஆட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஓணத்துக்குக் கேசட் வெளிவந்தபின், நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறினால் களியக்காவிளை வரை என் கத்தலைக் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும் என்றாயிற்று. நான் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் அப்போதுதான் எனக்குக் காஞ்சிரங்குளத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. வருங்கால மாமனார் தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்பது போன்ற முகம். பாட்டு, கூத்து என்று திரிந்த ஒரு வரனை ஏற்கெனவே விரட்டியவர். கண்ணாடி முன் நின்றால் எனக்கே என் முகத்தில் தாடி முளைத்த கிடா தெரிந்தது. ஓடிப்போய் அண்ணன் காலில் விழுந்தேன்.

"ஆருட்டயும் செல்லமாட்டேன் மக்கா. ஆடு செத்துப்போச்சுண்ணு செல்லிடலாம்."

கல்யாணத்தன்று பந்தலில் கால் வைத்தால், மூலையில் ஆம்ப்ளிஃபயரோடு அண்ணன்! பெண் வீட்டார் அவரையே பிடித்திருந்தார்கள். நாதஸ்வரக்காரர்கள் வந்த வேன் வழியில் படுத்துவிட்டது. பொழுது போகாமல் பெண்ணின் சித்தப்பா கத்தினார்: "அண்ணே, அந்த ஆட்டுப்பாட்டப் போடுங்கோ!"

"கேசட் கொண்டுவரல்ல," என்றார் அண்ணன், என் பக்கம் பார்க்காமல்.

"அப்பம் பாடுங்கோ. அந்த ஆடு ஆராக்கும்?"

"ஆடும் நான்தான் ஆக்கும்."

எனக்குக் கழுத்தில் கிடந்த மாலைகூட வேர்த்தது.

அண்ணன் மைக்கை எடுத்தார். "சோறு தின்னாச்சா?" நிறுத்தினார். வாய் திறந்தது, மூடியது. ஒன்றும் வரவில்லை. "சோறு தின்னாச்சா?" யாரோ சிரித்தார்கள். "ஆட்ட அறுத்தாச்சோ?" என்றது ஒரு குரல். பந்தலே சிரித்தது. அண்ணன் மைக்கையே பார்த்துக்கொண்டு மூன்றாம் தடவை, மெல்லக் கேட்டார். அது பாட்டாக இல்லை. பின்னறையில் அந்த ஒற்றைத் தட்டின் முன் உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

நான் தைரியசாலி இல்லை. பெண் போயிற்று, மானம் போயிற்று, சத்யா விருந்தாவது மிஞ்சுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வாய் என்னைக் கேட்காமல், "ம்மே" என்றது.

பந்தல் மொத்தமும் மணமேடையைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கறி என்னது?" என்றார். ம்மே. நாளைக்கு வாறியா வரைக்கும் போனோம்.

மாமனார் மேடையேறி வந்தார். "நாலு மாசமா பஸ்ஸில எனக்க உயிர வாங்கின ஆடு மாப்பிள்ளையாக்கும், இல்லியா?"

"ஆமா மாமா."

"தாலி கெட்டின பொறவு கத்தப்பிடாது."

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனைப் பிடித்தேன். "ஒரு ம்மே செல்லக்கூடாதா அண்ணே?"

"கேக்கத்தான் மக்கா தெரியும். எனக்கு நானே எப்பிடி பதில் செல்ல?"

பிறகு வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். வாரத்தில் ஒருநாள் மதியம் ஆபீஸ் போன் அடிக்கும். பூத்திலிருந்து அதே கேள்வி. எதிரே மேனேஜர் முறைத்துக்கொண்டிருக்க, கையால் வாயைப் பொத்தி "ம்மே" என்பேன். "செரி மக்கா," என்று வைத்துவிடுவார். ஒரு வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதன்பின் சேதிதான் வந்தது.

இப்போது மனைவி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மதியம் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். யாரும் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு தடவை கத்திவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன்.