போலீஸ் அக்காவும் கள்ளதாரியும்

பெங்களூரில் கடவுளையே நிறுத்தி ஆதார் கார்டு கேட்ட பெண் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் போலீஸ் அக்காதான். ஆடுகோடியில் அக்காவும் நாங்களும் தங்கியிருந்த பெண்கள் பி.ஜி. வாசலுக்கு ஒருநாள் அனுமார் வேஷம் போட்ட ஒருவர் தட்டோடு வந்தார். நாங்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அக்கா மட்டும் அவர் வாலைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் பேரு என்ன? எந்த ஏரியா? ஆதார் வெச்சிருக்கீங்களா?" என்றார். அனுமார் கதாயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓசூர் ரோடு பக்கம் நடையைக் கட்டினார்.

அக்கா உண்மையில் போலீஸ் இல்லை. ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து, பில்லில் ஓட்டை போட்டு அனுப்பும் வேலை. வருஷக்கணக்கில் அதே வாசல், அதே ஓட்டை. வேலை முடிந்து யூனிஃபார்மைக் கழற்றினாலும் அந்தப் பார்வையை மட்டும் அவரால் கழற்ற முடியவில்லை. மெஸ் சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தால், "நேத்து வரைக்கும் முள்ளங்கி. இன்னிக்கு மட்டும் ஏன் முருங்கைக்காய்?" என்பார். ஓனர் சிரித்துக்கொண்டே வந்தால், "மனுஷன் சிரிக்கிறாரு. நாளைக்குத் தண்ணி வராது, பக்கெட்டை ரொப்பி வைங்கடி" என்பார். மறுநாள் நிஜமாகவே தண்ணீர் வராது. அதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. எப்போதாவது ஒன்று பலித்துவிடும், அதற்காக மீதியையெல்லாம் நாங்கள் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

நானும் என் ரூம்மேட் தேன்மொழியும் கோகர்ணம் போகத் திட்டம் போட்டோம். கடலை ஒட்டிய குன்றுகளில் ஏறி இறங்கி, ஒரு பீச்சிலிருந்து அடுத்த பீச்சுக்கு நடந்தே போகலாம் என்று ஆபீஸில் யாரோ படம் காட்டியிருந்தார்கள். நான் குடியாத்தத்துக்காரி. எனக்குத் தெரிந்த கடல் மெரினா மட்டும்தான், அதையும் பாதி கூட்டம் மறைத்திருந்தது. அக்காவிடம் மூச்சு விடாமல் கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் தேன்மொழி புது ஷூ வாங்கிவிட்டாள்.

"ஏசி ரூம்ல உக்காந்து டைப் அடிக்கிறவளுக்கு அடியில பல்லு வெச்ச ஷூ எதுக்கு?" என்று அக்கா ஆரம்பித்தார். தேன்மொழி முதலில் கால்வலி என்றாள், பிறகு டாக்டர் சொன்னார் என்றாள், பிறகு அழுதுவிட்டாள். விசாரணை முடிந்தபோது மூன்று டிக்கெட் எடுத்திருந்தோம்.

பஸ்ஸில் அக்கா எங்கள் பைகளின் வார்களையெல்லாம் ஒன்றாக முடிந்து தன் காலில் கட்டிக்கொண்டார். விடியற்காலையில் டீக்கு நிறுத்தினார்கள். தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்தவர், பின்னால் பைகள் ஊர்வலமாக வருவதைப் பார்க்காமல், "ஐயோ, எவனோ காலைப் புடிச்சு இழுக்கறான்!" என்று அலறினார். டிரைவர் பயந்துபோய் டீயைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார்.

கோகர்ணத்தின் நடைபாதை நான் நினைத்ததைவிட அழகு. சிவந்த கல் பாதை, ஒரு பக்கம் முந்திரி மரங்கள், மறுபக்கம் நேர் கீழே கடல். தேன்மொழி ஒவ்வொரு திருப்பத்திலும் "வாவ்" என்றாள். அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் பார்த்தார். வழி தெரிவதற்காகப் பாறைகளில் யாரோ வெள்ளைப் பெயின்டில் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"இந்த அம்பு போட்டவன் யாருடி? அவன நமக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்புறம் எந்த தைரியத்துல அவன் பேச்சைக் கேட்டு நடக்கறீங்க?"

ஒரு பாறையில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தலைகீழாக நின்று யோகா செய்துகொண்டிருந்தார். "தலகீழா நின்னா மூஞ்சி அடையாளம் தெரியாதுன்னு நெனைக்கறான்" என்றார் அக்கா. கடலையும் விடவில்லை. கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து அதை முறைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அமைதியா இருக்கே, என்னமோ பிளான் பண்ணுது" என்றார். நாங்கள் சிரித்தோம்.

அரைநிலா மாதிரி வளைந்த ஒரு சின்ன பீச்சில் இறங்கும்போது பாசி படிந்த பாறையில் நான் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பிசகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போண்டா மாதிரி வீங்கிவிட்டது. கால் ஊன்ற முடியவில்லை. அந்த பீச்சுக்கு வருவதற்கும் போவதற்கும் பாறைப் பாதையை விட்டால் படகுதான் என்று கேள்விப்பட்டிருந்தோம். கடல் அன்று மத்தியானமே தன் பிளானை ஆரம்பித்துவிட்டது. அலை பெரிதானதால் படகுகளை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பாறை ஏறிப் போய்விட, மிஞ்சியது நாங்கள் மூவரும், கடையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு சோடாக்காரரும். அவரும் போய்விட்டால் இரவெல்லாம் இந்த மணலில்தான்.

சோடாக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "மேலே ஒந்து காலுதாரி இதெ. பன்னி" என்று அலைச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

எனக்கும் தேன்மொழிக்கும் கன்னடம் வராது. அக்கா பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் முகம் சட்டென்று மாறியது. எங்களை இரண்டடி பின்னால் தள்ளிவிட்டுக் கிசுகிசுத்தார்: "கேட்டீங்களாடி? கள்ளதாரியாம்! திருட்டு வழி! அவன் வாயாலேயே சொல்றான், வா போலாம்னு வேற கூப்புடறான்!"

"அக்கா, திருடன் யாராவது அதைச் சொல்லிட்டுக் கூப்பிடுவானா?" என்றாள் தேன்மொழி.

"அதான்டி புது டெக்னிக்கு."

அக்கா குறுக்கு விசாரணையில் இறங்கினார்; அவர் சொன்னதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. இந்த வழி யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். எல்லோருக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட தினமும் அதில்தான் போகிறார்கள் என்றார் அவர். "அடப்பாவி, ஸ்கூல் பசங்களையும் தொழில்ல சேத்துட்டானுங்க" என்று அக்கா எங்களுக்கு மொழிபெயர்த்தார். தன் அம்மாகூட அதில்தான் கூடை சுமந்து ஊருக்குள் போகிறாள் என்றார் அவர். "பெத்த தாயையே! குடும்பமே கடத்தல் குடும்பம்!"

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அலை வந்து சோடாக்கடை பெஞ்சின் காலை நனைத்தது. எனக்கு வலியைவிட பயம் அதிகமாகி, "அக்கா, எங்கயாவது போலாம்க்கா, ப்ளீஸ்" என்று அழவே ஆரம்பித்தேன். அக்கா அசையவில்லை. "போட் நின்னுபோச்சுன்னு யாரு சொன்னது? இதே ஆளு. வழி இருக்குன்னு யாரு சொன்னது? இதே ஆளு. பில்லும் அவனே போட்டு ஓட்டையும் அவனே போடுவானா?"

சோடாக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்து, லுங்கியை முழங்காலுக்கு மேல் வழித்துக்கொண்டு, தன் காலைப் பட் பட்டென்று அறைந்தார். "காலு! காலு, அம்மா! காலு!"

கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாத எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. "அக்கா, கள்ளம் இல்லக்கா, கால்! கால்நடையா போற வழி! ஒத்தையடிப் பாதை!"

அக்கா குனிந்து அந்தக் காலை உற்றுப் பார்த்தார். பிறகு, "இத மொதல்லயே தட்டிக் காட்டியிருக்கலாம்ல? மனுஷிக்கு சந்தேகம் வராதா?" என்று தமிழிலேயே அவரைத் திட்டினார்.

சோடாக்காரர் என்னைத் தூக்கிக்கொள்கிறேன் என்று முன்னால் வந்தார். அக்கா கையை நீட்டித் தடுத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டி என் முன்னால் குந்தினார். "ஏறுடி" என்றார். நான் ஒன்றும் பூஞ்சை உடம்பு இல்லை. செங்குத்தான பாதை வேறு. சோடாக்காரர் முன்னால், பைகளோடு தேன்மொழி பின்னால், நடுவில் நானும் அக்காவும். மூச்சு வாங்குகிற நேரத்திலும் அவர் விசாரணையை நிறுத்தவில்லை. "எதுக்கு இவ்ளோ வேகமா போறான்?" என்பார். நாலு எட்டு போனதும், "ஏன் இப்போ மெதுவா போறான்?" என்பார். பாதி வழியில் அந்த மனிதரின் அம்மாவே காலிக்கூடையோடு எதிரே இறங்கி வந்தார். அக்கா என்னையும் சுமந்துகொண்டு நின்று, கூடைக்குள் எட்டிப் பார்த்தார். மீன் செதில்தான் ஒட்டியிருந்தது. சரி போங்க என்பதுபோல் தலையாட்டி வழிவிட்டார்.

நான் இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்கும்போதெல்லாம் "வாயை மூடு" என்றார். அவர் முதுகு முழுக்க வேர்வை, நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனுஷியைக் கழற்றிவிட்டுக் கிளம்பவா பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"நல்லா புடிச்சுக்கோ. கண்ணை மூடாத. ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே வா, ஒருத்தரையும் நம்பக் கூடாது" என்றார்.

சரிக்கா என்று சொல்லிவிட்டு, அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.