உப்புக் கேட்ட மீசை

விதாத் 'வேண்டாம்' என்றால் நான் செய்வேன். 'செய்யுங்கள்' என்றால் தூங்கிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இந்த ஒரே சட்டத்தை வைத்துத்தான் என் இல்லறத்தை ஆண்டுவருகிறேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டவன் என்ற கெட்ட பெயர் ஸஹ்லே நகரத்தில் எனக்குக் கிடையாது. யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை இறக்கத்தில் முடிதிருத்தும் கடை, நக்லே என்றால் சின்னக் குழந்தையும் வழி காட்டும். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. என் மீசைதான் பலகை. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் என்னிடம் கன்னத்தைக் கொடுக்கிறது.

அந்த மீசைக்கு ஆபத்து வந்தது. உப்பினால் வந்தது.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் விருந்து. மூத்த மகன் பெயரைச் சேர்த்து மாமியாரை உம் ஜிரியஸ் என்பார்கள், அதாவது ஜிரியஸின் அம்மா. பிரேசிலிலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். மாமியார் விடிந்ததிலிருந்து கல்லுரலில் ஆட்டுக்கறியை இடித்து, உடைத்த கோதுமையோடு பிசைந்து, பச்சைக் கிப்பேயைத் தட்டில் பரப்பி, மேலே எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான் ரொட்டியைப் பிய்த்தபடி, வாயில் வைப்பதற்கு முன்பே, சும்மா ஒரு பேச்சுக்கு, "உப்பு கொஞ்சம் எடுங்க" என்றேன்.

அவ்வளவுதான்.

"ருசி பார்க்காமலே உப்புக் கேக்கிறியே, அது நாக்கா, செருப்புத் தோலா?" என்றார் மாமியார்.

பிரேசில்காரர் சிரித்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று மீசையைப் பிடித்தேன்.

"இனிமே இந்தக் கையால செஞ்சது ஒரு கவளம் என் வாய்க்குள்ள போச்சுன்னா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

வாசல் தாண்டிய பிறகுதான் பசி எடுத்தது. வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது சட்டம் போட்டேன். இந்த வீட்டில் உன் அம்மா பேரை யாரும் எடுக்கக் கூடாது என்றேன். விதாத் "சரி" என்றாள். சண்டை போடாமல் ஒரு மனைவி 'சரி' என்றால் சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

ஈஸ்டர் வந்தது. நோன்பு முடித்த ஊர் முழுக்கக் கறி வாசனை. விதாத் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று அவள் சொல்லவில்லை. பேர் எடுக்கக் கூடாதே! நான் தனியாக உட்கார்ந்து ஆலிவ் காயும் பாலாடைக்கட்டியும் தின்றேன். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அன்றைக்கு ஆட்டு எலும்பு.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது நான் முடிவோடு காத்திருந்தேன்.

"நாளைக்குக் கடை லீவு. நாம ஓட்டல்ல சாப்பிடறோம். அசல் மலைச் சமையல். உலகத்துல சமைக்கத் தெரிஞ்சது ஒருத்தருக்கு மட்டும்தானா? பார்த்துடுவோம்."

"யாரைச் சொல்றீங்க, அபூ டூமித்?"

டூமித் எங்கள் மகன்; அபூ என்றால் அப்பா. கோபம் இல்லாதபோது அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"யாரையும் சொல்லல. எங்க போகலாம்?"

"ஆத்தங்கரையில எங்க வேணா போகலாம். மேல மலையில அபூ ஃபாரிஸ் கடைக்கு மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"ரோடு ஒரே வளைவு. கூட்டம் வேற. சமையலுக்கும் யாரோ புது ஆளாம்."

"புது ஆளா?"

"அதான் வேண்டாம்கிறேன்."

அபூ ஃபாரிஸ் கடைக்குத்தான் போவது என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

மறுநாள் மதியம் ஊரே அங்கே இருந்தது. மருந்துக்கடைக்காரர், பாதிரியார், பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லாரும் வால்நட் மரத்தடியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதித் தலைகள் நான் வெட்டியவை. மேளக்காரன் அடி அடி என்று அடித்துக்கொண்டிருந்தான். எங்கள் மேஜைக்குக் கொண்டைக்கடலை விழுது வந்தது, சுட்ட கத்தரிக்காய் வந்தது, பொடியாக நறுக்கிய தழையும் தக்காளியும் கலந்த தப்பூலே வந்தது, திராட்சை இலைச் சுருள் வந்தது. தட்டுமேல் தட்டு அடுக்கியும் வருவது நிற்கவில்லை. நான் அரக் என்கிற சோம்புச் சாராயத்தில் தண்ணீர் ஊற்றி, அது பால்போல் வெளுக்கும் வரை பார்த்துவிட்டு, கையைத் தட்டினேன்.

"பச்சைக் கிப்பே ஒண்ணு!"

"ஐயோ, அது வேண்டாம்!" என்றாள் விதாத். "யார் இடிச்சாங்களோ, என்ன கறியோ! தெரியாத இடத்துல பச்சைக் கறி சாப்பிடுவாங்களா?"

"ரெண்டு கொண்டா!"

வந்தது. புதினா, வெங்காயம், மேலே எண்ணெய். ரொட்டியில் கிள்ளி எடுத்து வாயில் போட்டேன். முதல் வாயை மெல்லும்போதே அடுத்ததைக் கிள்ளிவிட்டேன். இரண்டாவது வாய்க்குக் கண் மூடிக்கொண்டது.

"விதாத், இது கிப்பே! இதுக்குப் பேர்தான் கிப்பே! சில பேர் தலைகீழா நின்னாலும் இப்படி வராது."

"எந்தச் சில பேர்?"

"பேர் எடுக்கக் கூடாது. உப்பைப் பாரு, உப்பை!"

"உப்பு சரியா இருக்கா?"

"சரியாவா? பொன் நிறுக்கிற தராசுல நிறுத்துப் போட்ட மாதிரி இருக்கு!"

"என்ன சொன்னீங்க? மேளச் சத்தத்துல கேக்கல."

"உப்பு அருமைன்னேன்!" என்று கத்தினேன்.

மருந்துக்கடைக்காரர் குடும்பம் திரும்பிப் பார்த்தது. விதாத் ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஆனா ஒண்ணு," என்றேன். "இந்த ருசி எங்கேயோ பழகின ருசியா இருக்கே?"

"நல்ல சமையல்னா அப்படித்தான் தோணும். சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இரண்டாவது தட்டையும் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டேன். பிறகு அபூ ஃபாரிஸைக் கூப்பிட்டேன்.

"சமைச்சது யாருய்யா?"

அபூ ஃபாரிஸ் விதாத்தைப் பார்த்தார். விதாத் வால்நட் மரத்தைப் பார்த்தாள்.

"ஒரு அம்மா. வெட்கப்படுவாங்க. வெளிய வர மாட்டாங்க," என்றார்.

"விடுங்க, அபூ டூமித்!" விதாத் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஊரே பாக்குது. கூப்பிட வேண்டாம். சாப்பிட்டோமா, போனோமான்னு இருப்போம்."

இழுக்காமல் இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். கையை உதறிவிட்டு, அரக் கிளாஸோடு நாற்காலிமேல் ஏறினேன். மேளம் நின்றது.

"ஊர்க்காரங்களே! நான் பொறந்து இப்படி ஒரு கிப்பே சாப்பிட்டதில்லை. இதைச் செஞ்ச கைக்கு முத்தம் குடுக்காம இந்த நக்லே வீடு திரும்ப மாட்டான். இது என் மீசைமேல ஆணை!"

ஒரே கைதட்டல். வாத்தியார் விசிலடித்தார். பாதிரியாரும் தட்டினார் என்று நினைக்கிறேன். சமையலறைத் திரை விலகியது. தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, உம் ஜிரியஸ் வெளியே வந்தார்.

நாற்காலியிலிருந்து இறங்கவேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

மாமியார் நிதானமாக நடந்து வந்து நாற்காலிக்குக் கீழே நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"உப்புப் போதுமா, மருமகனே?"

ஒரு மீசை. அதன்மேல் இரண்டு சத்தியம். ஒன்றைக் கிப்பேயோடு சேர்த்து ஏற்கெனவே விழுங்கியாகிவிட்டது. இன்னொன்றையாவது காப்பாற்றவேண்டாமா? இறங்கினேன். அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டேன். புதினா வாசனை அடித்தது.

"மாமி, உங்க கை நல்லா இருக்கணும்," என்றேன். சாப்பிட்டவன் வேறு என்ன சொல்ல முடியும்?

"உனக்கு ரெட்டை ஆரோக்கியம் உண்டாகட்டும்," என்றார், சாப்பிட்டவனை வாழ்த்தும் எங்கள் ஊர் வழக்கப்படி. அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காயமாக இருக்கும். எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. அந்தக் கிப்பேக்காகக் குளிர்காலம் பூராவும் ஏங்கித்தான் போயிருந்தேன். அதை விதாத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

திரும்பும் வழியில் முதல் வளைவிலேயே ஆரம்பித்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். ஞாயித்துக்கிழமை சாப்பிட ஆள் குறைஞ்சதும் அவங்களுக்கு மனசே சரியில்ல. சும்மா உக்கார முடியாம அங்க சமைக்கப் போனாங்க. ஞாயிறு மட்டும் லீவு."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? அம்மா பேரை எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"அப்ப எல்லாம் உன் ஏற்பாடு!"

"என் ஏற்பாடா? நல்லா இருக்கே கதை! கடை வேண்டாம்னேன். கிப்பே வேண்டாம்னேன். கூப்பிட வேண்டாம்னேன். ஒரு பொண்டாட்டி இன்னும் எத்தனை தடவைதான் சொல்லுவா?"

மலை இறங்கும்வரை மீசையைத் தடவிக்கொண்டே வந்தேன். 

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்றேன். ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். சொன்ன சொல் சொல்தானே? முகத்தில் நுரை பூசிக் கத்தியைத் திறந்தேன். விதாத் கதவருகே வந்து நின்றாள்.

"மீசையை எடுக்க வேண்டாம், அபூ டூமித். உங்களுக்கு அழகா இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கை அப்படியே நின்றது. எடுத்தால், நான் எடுப்பேன் என்று தெரிந்தே அவள் சொன்னதாகிவிடும். எடுக்காவிட்டால், பெண்டாட்டி பேச்சைக் கேட்டதாகிவிடும். எத்தனையோ முகங்களில் ஓட்டிய கத்தி, என் மூக்குக்குக் கீழே எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. நுரை காய ஆரம்பித்தது.

அப்போது சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டு விருந்துக்கு நீங்க வர வேண்டாம்!"

நுரையைத் துடைத்துவிட்டு, என் நல்ல சட்டை எங்கே இருக்கிறது என்று தேடப் போனேன்.