கரி பிடிக்காத ப்ளக்

பந்தயத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மாப்பிள்ளை கால் லிட்டர் எண்ணெயைப் பெட்ரோல் டாங்கில் கவிழ்த்தார்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். அளவு மிஞ்சினால் தீப்பொறி கொடுக்கும் ப்ளக்கில் கரி பிடிக்கும், வண்டி கிளம்பாது. கிளம்பாவிட்டால், எதிரே செங்குத்தாக நிற்கும் அந்த மண்மேட்டில் ஏறி, உச்சியிலிருந்து அந்தரத்தில் பறக்கவும் வேண்டாம்.

எல்லாம் கல்யாணப் பேச்சின்போது வாய் சும்மா இல்லாததால் வந்த வினை. "காலேஜ்ல நான் பைக் ரேஸ்ல புலி" என்று அளந்துவிட்டார். அதை நம்பி மனைவி ஆசையாகப் பெயர் கொடுத்துவிட்டாள். மாமனார் வீடே திரண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் மானம் போகும், ஓட்டினால் உயிர் போகும்.

உதைத்தார். வண்டி நாலு தடவை இருமிவிட்டு அடங்கியது.

"அடடா, போச்சே!"

"தள்ளுங்க மாமா" என்று வந்தாள் மச்சினி. ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவள். ப்ளக்கைக் கழற்றினாள். ஈரமாக, கன்னங்கரேலென்று இருந்தது. "எந்தப் படுபாவி இவ்ளோ எண்ணெய ஊத்துனான்?"

"அதானே!" என்றார் மாப்பிள்ளை.

டாங்கைக் காலி செய்து, அளவாகக் கலந்து ஊற்றி, புது ப்ளக் போட்டாள். ஒரே உதையில் வண்டி உறுமியது.

அவள் தண்ணீர் குடிக்கப் போன கையோடு, பெட்ரோலைக் கூடுதலாக விடும் சோக்கை இழுத்துவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். புகை மண்டியது, வண்டி செத்தது. அப்பாடா!

"மறுபடியும் கரியா? அப்போ கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் அதிகமா வருது." ப்ளக்கைத் துடைத்துப் போட்டு, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றினாள். வண்டி முன்னைவிட ஆங்காரமாகக் கத்தியது. "இப்போ இன்னும் வேகம் எடுக்கும் மாமா!"

"எதுக்கும்மா அவ்ளோ வேகம்?"

கடைசி முயற்சியாக, கழற்றிப் போட்ட பழைய ப்ளக்கையே எடுத்து மாட்டினார். அதையும் கண்டுபிடித்துவிட்டாள், பாதகத்தி.

"அவசரத்துல பழசையே மாட்டிட்டேன் போல. இருங்க, வேற ஒண்ணு போடுறேன், இது நல்லா சூடேறுற ப்ளக். கரியத் தானே எரிச்சுடும். இனிமே நீங்களே நெனச்சாலும் அடைக்காது!"

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள்.

"பயமா இருக்குதாங்க?"

"எனக்கா? பயமா?" உள்ளே பல் தந்தியடித்தது.

வண்டியை உருட்டிக்கொண்டு பந்தயம் தொடங்கும் கோட்டுக்குப் போனார். அங்கே கொடிக்காரரைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. பந்தயம் ரத்தாகிவிட்டதோ? போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"பேர் குடுத்த மத்த ஒம்பது பேரும் எங்கண்ணே?" என்று கொடிக்காரரைக் கேட்டார்.

கொடிக்காரர் பூரித்துப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் ப்ளக்ல கரியாம் சார். நாலு வருஷமா இதே கதைதான், வண்டி கிளம்பிக் கோட்டுக்கு வந்த மொத ஆளே நீங்கதான்!"