மிதக்காத முட்டை

மூன்று கிலோ உப்புப் போட்டும் முட்டை மிதக்கவில்லை. அண்டாவின் அடியில் போய் உட்கார்ந்ததுதான், அசைவேனா என்றது.

பால்ச்சாமிக்கு எரிச்சலாக வந்தது. விதைநெல் பிரிக்கும் முறை கூமாப்பட்டியில் யாருக்குத்தான் தெரியாது? தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது எழும்பி நாலணாக் காசு அளவு தலைகாட்டும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். கோழிக்கூடைக்குள் கைவிட்டு எடுத்துவந்த முட்டைதான் இப்படிப் பிடிவாதம் பிடித்தது.

"முனீஸ்வரி, இன்னும் ரெண்டு கிலோ வாங்கியா."

"உப்பு யாவாரம் பண்ணப் போறீயளா?" என்றாள் மனைவி. ஆனாலும் வாங்கி வந்தாள்.

ஐந்து கிலோ ஆயிற்று. முட்டை அப்படியே கிடந்தது. தெருக்கடையில் உப்புத் தீர்ந்துவிட்டதால் முனீஸ்வரியை வத்திராயிருப்புக்கு பஸ் ஏற்றினான். அவள் வரும்வரை பொறுத்தானா? நெல்லைக் கொட்டினான்.

அம்புட்டும் மேலே வந்து மிதந்தது.

விதை கொடுத்தது முனீஸ்வரியின் அண்ணன் விஜயபாண்டி. பட்டாளத்தில் இருந்து வந்தவர். வரப்புச் சண்டையில் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. போன வாரம்தான் அவராகவே படியேறி வந்து, விதைநெல் கொடுத்து, தங்கை கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார். முனீஸ்வரி அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

பால்ச்சாமி போனை எடுத்தான். "மச்சான், ஒறவு கொண்டாடப் பதரா குடுத்தீய?"

அரை மணி நேரத்தில் மடவார் வளாகத்து வீட்டிலிருந்து விஜயபாண்டியின் பைக் வந்து நின்றது. கையில் இன்னொரு பை.

"இது எனக்குன்னு எடுத்து வச்ச வெத. கொட்டு மாப்ள."

கொட்டினான். அதுவும் மிதந்தது.

"இதுக்கு என்ன சொல்றீய?"

"பதினேழு வருசம் பட்டாளத்துல இருந்தவன் தங்கச்சிக்குப் பதரு குடுப்பானா?"

"கண்ணு முன்னால மெதக்குதே."

"இனி ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

பால்ச்சாமி விடவில்லை. மிதந்த நெல்லையெல்லாம் முறத்தால் வாரி வாய்க்காலில் எறிந்தான். எறிந்து முடித்ததும்தான் யோசனை வந்தது. முனீஸ்வரியிடம் இதை எப்படிச் சொல்வது?

அவள் நாலு கிலோ உப்போடு உள்ளே நுழைந்தாள். கூடையருகே கோழி கத்திக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கோழி எடம் மாறி முட்ட போட்டுறக் கூடாதுன்னு கூழாங்கல்லுக்குச் சுண்ணாம்படிச்சு இதுக்குள்ள வச்சிருந்தேனே, எங்க அது?"