கேப்டன் மழை கையெழுத்து போட்ட சனிக்கிழமை

சிலாங்கூர் மாநிலத்துலயே போலீசுக்குச் சொல்லாம ஒரு தும்மல்கூட போடாத ஒரே ரவுடி எங்க பாராங் அண்ணன்தான். நம்பலன்னா போங்க.

ஒரு காலத்துல இடுப்புல பாராங் கத்தி சொருகிக்கிட்டு பிரிக்பீல்ட்ஸ்ல கடை கடையா மாமூல் வாங்குனவரு. அதான் அந்தப் பேரு. அடிச்ச அடிக்கெல்லாம் சேத்து ரெண்டு வருஷம் உள்ள போட்டாங்க. வெளிய விட்டப்ப ஒரு ஆர்டரும் குடுத்தாங்க. மலாய்ல 'புவாங் டாயேரா'ம்பாங்க, ஊரவிட்டுத் தள்ளி வைக்கிறது. தெலுக் பங்லிமா காராங்ங்கற ஊர்லதான் இருக்கணும். மாவட்டத்த தாண்டக்கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல வீட்டவிட்டு வரக்கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணிக்குள்ள ஸ்டேஷன்ல போயி கையெழுத்து போடணும்.

நான் அப்பதான் காலேஜ் முடிச்சு, டிப்ளோமாவுக்கு ஃபிரேம் போட்டுட்டு, அந்த ஊரு பிளாஸ்டிக் வாளி ஃபேக்டரில கிளார்க்கா வந்து மாட்டுனேன். அண்ணன் அங்க செக்யூரிட்டி கார்டு. இந்த ஆளப் போயி எப்படி கார்டா வச்சீங்கன்னு முதலாளியக் கேட்டேன். "இவனே உள்ள இருந்தா வெளிய இருந்து எவன் லா வருவான்"னாரு. அண்ணன் ரூமும் என் ரூமும் பக்கத்து பக்கத்துல. நடுவுல ஒரு பலகைதான்.

மனுசன் திருந்திட்டாரு. ஆனா அளவுக்கு மீறித் திருந்திட்டாரு. ஒரு தடவ முடி வெட்ட உக்காந்தவரு, பாதி தலைல இருக்கறப்ப செவுத்துக் கடியாரத்தப் பாத்தாரு. ஏழு நாப்பத்தஞ்சு. துணிய உருவிப்போட்டு ஓடியே போயிட்டாரு. மீதி தலைய மறுநாள் காலைலதான் வெட்டுனாங்க. காய்ச்சல் வந்தா எனக்குச் சொல்ல மாட்டாரு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "துவான், எனக்குக் காய்ச்சல், படுத்துக்கலாமா"ன்னு கேப்பாரு. துவான்னா ஐயா.

இப்படி நாய்க்குட்டி மாதிரி ஆனதுக்கு ஒரே காரணம் கவிதா. அவரு மக. எட்டு வயசு. பிரிக்பீல்ட்ஸ்ல அம்மா கூட இருந்தா. அம்மா டோபி கடைல வேலை. அப்பா உள்ள இருந்தப்ப "அப்பா எங்கம்மா?"ன்னு இவ கேக்க, "கெட்டவங்க இருக்கற எடத்துல வேலை பாக்குறாரு"ன்னு அவங்க சொல்லி வச்சுட்டாங்க. பொய்யும் இல்ல பாருங்க. அந்தப் புள்ள ரொம்ப யோசிச்சு, எங்கப்பா ரகசியமா ஊரக் காப்பாத்துற ஹீரோன்னு முடிவு பண்ணிருச்சு. பேரும் வச்சிருச்சு, கேப்டன் மழை. வெள்ளம் வந்தா தண்ணி பூராவும் குடிச்சிருவாரு. நாப்பது பக்க நோட்டு முழுக்க அண்ணன் படம்தான். எல்லாப் படத்துலயும் வயிறு மட்டும் பானை மாதிரி.

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி அம்மாவோட வருவா. அன்னிக்கு அண்ணன் ஹீரோ வேலை பாத்துக் காட்டணும். காது வரைக்கும் தழும்பு இருக்கற மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னா பண்ண முடியும்? பாசார்ல, அதான் சந்தைல, ஒரு ஆன்டி கூடையோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. இவரு கிட்டப் போயி, "வாங்கக்கா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறேன்"னாரு. அந்தம்மா கழுத்துச் சங்கிலியக் கழட்டி அவரு கைல வச்சு, "எனக்கு ரெண்டு புள்ளைங்க தம்பி"ன்னாங்க.

கவிதா கேட்டா, "அந்த ஆன்டி ஏம்ப்பா சங்கிலி குடுத்தாங்க?"

"பரிசும்மா."

"அப்ப ஏன் திருப்பிக் குடுத்தீங்க?"

"கேப்டன் மழை பரிசெல்லாம் வாங்க மாட்டாரு."

அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் சோறு சாப்புடல. "தம்பி, நல்லது பண்றதுக்குக்கூட ஒரு மூஞ்சி வேணும் போல"ன்னாரு. நான் சிரிச்சேன். எனக்கு அப்ப எல்லாமே சிரிப்புதான்.

அதுக்கப்புறம்தான் ஸ்கூல் நாடகம் வந்துச்சு. கவிதா நோட்ட டீச்சர் பாத்துட்டு, அவ வகுப்புல கேப்டன் மழை கதையையே போடறாங்க. ஒரு பையன் எல்லாருக்கும் முன்னாடி, "உங்கப்பா ஜெயில்லதான இருந்தாரு, எங்கப்பா சொன்னாரு"ன்னு கேட்டுட்டான். இவ விடல. "எங்கப்பாதான் நெஜ கேப்டன் மழை. சனிக்கிழமை மேடைக்கு வருவாரு, பாத்துக்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டா. வரலன்னா ஸ்கூல் முழுக்க அவ பொய்க்காரி, அவரு ஜெயில்காரரு. முடிஞ்சுது கதை.

அண்ணன் என்கிட்ட வந்து நின்னாரு. "நீ படிச்சவன், ஒரு லெட்டர் எழுதிக் குடு." பிரிக்பீல்ட்ஸ் போக ஒரு நாள் அனுமதி கேட்டு மலாய்ல டைப் அடிச்சுக் குடுத்தேன். மூனு வாரம் ஆச்சு, பதிலே வரல. "பதில் வரலன்னா சரின்னு அர்த்தம் லா"ன்னு நான்தான் சொன்னேன். ஷோ பத்து மணிக்கு. மதியத்துக்குள்ள முடிஞ்சிரும். மூனு மணிக்கெல்லாம் தெலுக் வந்து கையெழுத்து போட்டுறலாம். பிளான் பக்காவா இருந்துச்சு, பேப்பர்ல.

டிரெஸ்ஸும் ஃபேக்டரி உபயம். நீல மழைக்கோட்டு முதுகுல தொங்குது. நெஞ்சுல வாளி மூடி. தலைல கண்ணுக்கு மட்டும் ஓட்டை வெட்டுன குரங்குத் தொப்பி. முகமூடி நல்லதாப் போச்சு, பிரிக்பீல்ட்ஸ்ல அவர அடையாளம் தெரியாத ஆளு கிடையாது. மினி பஸ்ல கண்டக்டர் மேலயும் கீழயும் பாத்து, "பறக்க முடியாதா பாஸ்?"ன்னான். "இன்னிக்கு லீவு"ன்னாரு அண்ணன். அன்னிக்கு நாங்க சிரிச்சது அதோட சரி.

பத்து மணி ஷோ பத்துக்கு ஆரம்பிக்கல. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனுசர் வரல. அவரு வராம மேடைல ஒரு குஞ்சும் ஏறக்கூடாதாம். பதினொன்னு. பன்னெண்டு. ஒன்னு. புள்ளைங்க மூஞ்சில பூசுன பவுடர் வழிஞ்சு கழுத்துக்கு வந்துருச்சு. ரெண்டேகாலுக்கு வந்து இறங்குனாரு. மாலை, பொன்னாடை, அப்புறம் நேரத்த மதிக்கணும்னு முக்கா மணி நேரம் பேச்சு. கவிதா நாடகம் வரிசைல அஞ்சாவது.

மூனு பத்துக்கு அண்ணன் என் தோளப் புடிச்சாரு. தொப்பிக்குள்ள மூச்சு வாங்குது. "தம்பி, நாலு மணி. கையெழுத்து."

நான் உருளைக்கிழங்கு அடைச்ச கறிபாப் தின்னுக்கிட்டு இருந்தேன். "இங்கயும்தான் ஸ்டேஷன் இருக்கு லாண்ணே. பேங்க் மாதிரிதான், எந்த பிரான்ச்ல வேணாலும் போடலாம்."

சும்மா சொன்னேங்க. வாய் சும்மா இருக்காம சொன்னது.

"நெசமாவா?"ன்னு கேட்டாரு.

வாய் நெறைய கறிபாப்பு. தலைய மட்டும் ஆட்டுனேன். அவரு போனாரு. பாத்ரூம் போறாருன்னு நெனச்சேன்.

ஸ்டேஷன்ல நடந்தத அங்க டூட்டில இருந்த போலீஸ் சார்ஜன் பொறகு சொன்னாரு. வயசான மலாய்க்காரரு, ஒரு காலத்துல அண்ணன அஞ்சு தடவ புடிச்சவரே அவருதான். கவுண்டர் முன்னாடி ஒரு வாளி மூடி மனுசன் வந்து, தொப்பியக் கழட்டி, அட்டென்ஷன்ல நின்னு, "துவான், தெலுக்ல போட வேண்டிய கையெழுத்து, நேரம் ஆகிப்போச்சு, இங்க போட்டுக்கறேன்"னு ஐ.சிய, அதான் அடையாள அட்டைய, எடுத்து வச்சிருக்காரு. மாவட்டம் தாண்டிட்டேன்னு தன் கையாலயே எழுதிக் குடுக்க வந்த குற்றவாளிய சார்ஜன் அதுக்கு முன்னாடி பாத்ததில்லையாம். கொஞ்ச நேரம் பேனாவக் கைலயே வச்சிருந்தாராம். "சரி, உன்ன இப்ப உள்ள வைக்கணுமே"ன்னப்ப அண்ணன் கேட்டது ஒன்னே ஒன்னுதான். "புள்ள நாடகம் ஒன்னு இருக்கு துவான். அது முடிஞ்சதும் வச்சிக்குங்க."

மூனு நாப்பதுக்கு அண்ணன் திரும்பி வந்தாரு. பின்னாடி சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும். நான் மீதி கறிபாப்ப கீழ வச்சுட்டேன்.

நாடகம் நடந்துச்சு. தகரத்த தட்டி இடி விட்டாங்க. நீலப் புடவைய ரெண்டு பக்கம் புடிச்சு வெள்ளம் விட்டாங்க. அத ஆட்டுனது ஜெயில்னு கேட்ட அந்தப் பையன்தான். கேப்டன் மழை வந்து, புடவை முழுசையும் சுருட்டி மழைக்கோட்டுக்குள்ள திணிச்சுக்கிட்டு ஏப்பம் விட்டாரு. மண்டபமே எந்திரிச்சு கைதட்டுச்சு. இவருகிட்ட ஒரு காலத்துல அறை வாங்குன மளிகைக்கடைக்காரர் விசிலே அடிச்சாரு. கைதட்டுனா என்னா பண்றதுன்னு அண்ணனுக்குத் தெரியல, அப்படியே நின்னாரு. கவிதா அவரு கையப் புடிச்சு இழுத்து, குனிஞ்சு வணக்கம் சொல்ல வச்சா.

பின்பக்கம் போனோம். கான்ஸ்டபிள் விலங்க எடுத்து மாட்டுனான். தொப்பியக் கழட்டச் சொன்னான். சார்ஜன் வேணாம்னு கைய காட்டுனாரு.

"தம்பி, இந்தக் கோட்ட அவுத்து என் கை மேல போட்டுவிடு"ன்னாரு அண்ணன்.

"அண்ணே, நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"தெரியாதா. சீக்கிரம் போடு, புள்ள வருது."

எனக்கு முடிச்சே அவுக்க வரல.

கவிதா ஓடி வந்தா. பின்னாடியே அவங்கம்மா. "எங்கப்பா போறீங்க?"

"வேலைம்மா."

"எங்க?"

அண்ணன் சார்ஜனப் பாத்தாரு. பிரிக்பீல்ட்ஸ்ல இருவது வருஷம் வேலை பாத்த மனுசன், அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல, "தூரம் பாப்பா. ரொம்ப தூரம்"னாரு.

தூரம்தான். மறுபடி உள்ள போட்டு, பொறகு கிழக்குக் கரைல எங்கயோ அனுப்பிட்டாங்கன்னு கேள்வி. எத்தனையோ எடத்துல விசாரிச்சுட்டேன், அட்ரஸ் கெடைக்கல. அவரு வேலைய விட்டுப் போகலன்னும், லீவுலதான் இருக்காருன்னும் ஃபேக்டரி ரெஜிஸ்டர்ல ஆறு மாசம் நானே எழுதிக்கிட்டு இருந்தேன். முதலாளி கண்டுபுடிச்சு நிறுத்துனாரு.

அன்னிக்கு ஜீப்பு போன பக்கமே கவிதா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் என்கிட்ட கேட்டா, "அண்ணே, அது மாட்டுனா கை வலிக்குமா?"

நான் கோட்ட அவ்ளோ கவனமாத்தான் போட்டேன்.

"வலிக்காதும்மா"ன்னேன்.

"நீங்க எங்கப்பாவுக்கு யாரு?"

பக்கத்து ரூம், ஒரே ஃபேக்டரி, இப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். "கூட்டாளி"ன்னு சொன்னேன். அவ திரும்பக் கேக்கவே இல்ல. நான்தான் இன்னொரு தடவ சொன்னேன்.