வலப்பக்கம் ஏறிய டிரைவர்

அடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். உடம்பில் சட்டை இருந்தது. இடுப்பில் வேட்டிக்குப் பதில் கோணிச்சாக்கு. இந்த நிலைக்குப் பசியோ பஞ்சமோ காரணமில்லை (இரண்டும் எனக்குப் பழக்கம்தான்). காரணம் பொறாமை.

ஆண்டனி கோலார் தங்கவயலிலிருந்து வந்த டிரைவர். நான் அவனுடைய கிளீனர். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட அமெரிக்க லாரி எங்களுடையது, ஸ்டீயரிங் இடப்பக்கம். டீக்கடையில் நிறுத்தினால் போதும், அந்த லாரிக் கம்பெனியின் வரலாற்றை ஆரம்பித்துவிடுவான். யாரோ அமெரிக்கச் சிப்பாய் சொன்னதாம். குதிரைவண்டி செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் வண்டியில் இன்ஜினை மாட்டினார்கள். வாங்க ஆளில்லை. மாதா கோயில் மணியை ஏற்றி மலைமேல் கொண்டுபோய்க் காட்டினார்கள்; ஊரே வாங்கியது. பிறகு பெரிய கம்பெனிகளோடு மல்லுக்கட்ட முடியாமல் கதவடைத்தார்கள். "கம்பெனி செத்துப்போச்சு, வண்டி ஓடுது பாருங்க" என்று முடிப்பான். கூட வரும் லாரி முதலாளி அவனுக்கு மட்டும் பன் வாங்கித் தருவார். எனக்கு வயிறு எரியும்.

அதே மாதிரி இன்னொரு லாரி வாங்கிய முதலாளி, டிரைவர் தேடினார். அந்த இடம் எனக்கு வேண்டும். ஆண்டனிக்குச் சமமாக நானும் ஒரு லாரியில் உட்கார வேண்டும். அன்று டீக்கடையில் அவன் முகம் கழுவப் போன நேரத்தில் முதலாளியிடம் வரலாற்றை நானே எடுத்துவிட்டேன். அவனைவிட ஒருபடி மேலே போக, சகோதரர்கள் மூவர் என்றேன்.

"ஆண்டனி ரெண்டு பேருன்னானே?"

"கடைசித் தம்பிய அவனுக்குத் தெரியாதுங்க, முதலாளி."

"அரே! இவ்ளோ தெரிஞ்சவன் வண்டியும் ஓட்டுவியே. கொஞ்சம் முன்னால எடுத்து நிறுத்து, பாப்போம்."

ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்த்திப் பழகியவன்தான் நான். கடையே பார்க்க, ராஜா மாதிரி நடந்துபோய், கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினேன். ஸ்டீயரிங் இல்லை. தினமும் உட்காரும் கிளீனர் சீட்டில் ஏறியிருந்தேன்.

"கடைசித் தம்பி ஸ்டீயரிங்கக் கழட்டிட்டுப் போயிட்டானாடா?" என்றது ஆண்டனியின் குரல். எப்போது வந்து நின்றானோ!

அவசரமாக இடப்பக்கம் நகர்ந்தேன். வேட்டி கியர்க் கம்பியில் சுற்றிக்கொண்டது. இழுத்தேன், கியர் விழுந்தது. கால் தரையிலிருந்த ஸ்டார்ட்டரை மிதித்தது. லாரி தவளை போல ஒரு குதி குதித்து, பால் அண்டாவைக் கவிழ்த்தது. முதலாளி கையில் பன்னோடு ஓடினார், எதிர்த்திசையில் நான். வேட்டி வண்டியிலேயே தங்கிவிட்டது. ஆண்டனிதான் பின்னாலேயே ஓடிவந்து கோணிச்சாக்கை வீசினான். அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எரிச்சல்தான் வந்தது.

(இன்றும் நான் எதையாவது அளக்கத் தொடங்கினால், "எந்தப் பக்கம் ஏறுனீங்க?" என்பாள் என் மனைவி.)

மறுநாள் காலை, பொம்மசந்திரா பக்கம் ஒரு செங்கல் சூளையில் மாட்டுவண்டி ஓட்டச் சேர்ந்தேன். ஏறுவதற்கு முன் இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்தேன். வண்டிக்காரன் நடுவில்தான் உட்கார வேண்டும் என்றார்கள்.