பந்தயத்தில் ஸ்டேண்டு போட்டவன்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே சைக்கிளில் ஏறிய நேரத்தைவிட இறங்கி நின்ற நேரம் அதிகமாக உள்ள ஒரே மனிதன் எங்கள் ‘மரியாதை’தான். தொண்ணூறுகளில் கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் பட்டறையில் நாங்கள் நாலு பேர் ஒன்றாக வேலை பார்த்தோம். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான். நிஜப் பெயர் அவன் அம்மாவுக்கே யோசித்தால்தான் வரும்.

எதிரே பெரியவர் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்குவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்களெல்லாம் இறங்குவதுபோல ஒரு பாவனை காட்டிவிட்டுப் போய்விடுவோம். மரியாதை இறங்குவான், ஸ்டேண்டு போடுவான், செருப்பைக் கழற்றுவான், “ஏனுங்க, சௌக்கியமுங்களா?” என்பான். பதில் வரும்வரை நகர மாட்டான். பெரியவருக்குக் காது மந்தம் என்றால் அன்றைக்குப் பட்டறைக்கு அரை நாள் லீவுதான்.

இப்படிப்பட்டவனைச் சைக்கிள் பந்தயத்தில் சேர்த்த புண்ணியம் போத்தனூரில் இருந்த ஒரு மில் மேஸ்திரியைச் சேரும். அவர் மகள் சாந்தாமணியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மரியாதை சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. மேஸ்திரிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“பையன் தங்கமுங்க. ஆனா ஊரே போகட்டும்னு வழி உட்டுப்போட்டு நிப்பான். எம்புள்ள எப்பங்க முன்னுக்கு வர்றது?” என்று அவன் அம்மாவிடமே சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சிறுவாணிப் பக்கம் மலையடிவாரத்தில் நாள் முழுக்க ஒரு சைக்கிள் பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள். அணிக்கு நாலு பேர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை காட்டுப் பாதையில் ஆள் மாற்றி ஆள் சுற்ற வேண்டும். சுற்றை முடித்தவன் கையிலுள்ள சிவப்புத் துணியை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். கடைசிச் சுற்றை முதலில் முடிக்கிற அணிக்கு வெற்றி. மேஸ்திரியின் மில்லும் ஓர் அணியை அனுப்புகிறது என்று தெரிந்ததும், எங்களில் மூத்தவனான ஸ்டீபன் துள்ளிக் குதித்தான்.

“மாமனாரு கண்ணு முன்னால அவரு மில்லையே ஜெயிச்சுக் காட்டறோம். அப்புறம் எப்படிடா பொண்ணு குடுக்காமப் போவாரு?”

பந்தயத்தன்று முதல் அதிர்ச்சி துணி கைமாறும்போதே வந்தது. நான் மூச்சு வாங்க வந்து துணியை நீட்டுகிறேன். மரியாதை சைக்கிளுக்கு ஸ்டேண்டு போட்டு, துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு சர்பத் விற்றவர் உட்பட அங்கிருந்த அத்தனை பேரிடமும் “போயிட்டு வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் பெடலை மிதித்தான். அதற்குள் இரண்டு அணிகள் கண்ணைவிட்டே மறைந்துவிட்டன. ஸ்டீபன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் மரியாதையை யாராலும் பிடிக்க முடியாது. மேட்டில் நாங்கள் நாக்குத் தள்ளி உருட்டிய இடத்தில் அவன் உட்கார்ந்தபடியே ஏறினான். இதைக் கண்டுகொண்ட ஸ்டீபன், வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்களிடம் ஓடிப்போய்க் கும்பிட்டான்.

“அய்யா, கொஞ்சம் மரத்துக்குப் பின்னால உக்காருங்க. எங்க பையன் கண்ணுல மட்டும் பட்டுறாதீங்க!”

பெரியவர்கள் பயந்துபோய் ஒளிந்துகொண்டார்கள். மதியத்துக்கு மேல் நாங்கள் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டோம். முன்னால் மில் அணி, பின்னால் ஒரு காலேஜ் அணி. கடைசிச் சுற்று மரியாதையுடையது. ஜெயித்தாயிற்று என்றே நினைத்தோம்.

அப்போதுதான் மில் அணியில் கடைசிச் சுற்று ஓட்ட வேண்டியவன் சறுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டான். அவனுக்குப் பதிலாக, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறியவர் சாட்சாத் மேஸ்திரியேதான். வழியில் போகும் பெரியவரைப் பார்த்தாலே இறங்குகிறவன், மாமனாராகப் போகிறவரை எப்படி முந்துவான்?

முடிவுக் கோடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து கடைசி ஏற்றம் முழுக்கத் தெரியும். மேஸ்திரி திணறியபடி மேலே வந்தார். ஒரு சைக்கிள் நீளம் விட்டு, பணிவாக, மரியாதை பின்னால் வந்தான். அவன் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

“முந்துடா! முந்துடா!” என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம்.

மேஸ்திரியே திரும்பிப் பார்த்து, “தம்பி, போங்க!” என்றார்.

“பரவால்லீங்க மாமா, நீங்க போங்க.”

அடுத்த நிமிடம் மேஸ்திரியின் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சைக்கிளோடு சாய்ந்தார். மரியாதை இறங்கினான். ஸ்டேண்டு போட்டான். செருப்பைக் கூடக் கழற்றினான். அவரைத் தூக்கிச் சீட்டில் உட்காரவைத்து, முதுகைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். எதிரணி ஆளை! காலேஜ் பையன் இருவரையும் தாண்டிப் பறந்தபோது, “பாத்துப் போங்க கண்ணு, கல்லுக் கெடக்குது” என்று அவனுக்கு வழி வேறு சொன்னான். ஸ்டீபன் அழுதேவிட்டான். நான் அழக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

காலேஜ் முதலிடம், மில் இரண்டாமிடம். எங்கள் சைக்கிள் பாதி மேட்டில், அநாதையாக ஸ்டேண்டில் நின்றது.

கோட்டைத் தாண்டியதும் சைக்கிளிலிருந்து சரிந்த மேஸ்திரி தரையில் கிடந்தபடியே சீறினார். “கிறுக்குப்பயலே! உன்ற டீமு தோத்துப்போச்சு. என்னைய எதுக்குடா தள்ளுன?”

“உங்களை அப்படியே உட்டுப்போட்டு எப்படிங்க மாமா போறது?”

“இதைத்தானே நானும் அன்னைக்கே சொன்னேன்! இவனுக்குப் போய் எம்புள்ளயக் குடுக்கறதா?”

கூட்டத்திலிருந்து சாந்தாமணி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அப்பாவைத் தாண்டிப் போய் மரியாதையிடம் நீட்டினாள். மேஸ்திரி திகைத்துப் போனார். நாங்களும்தான்.

“மொதல்ல மாமாவுக்குக் குடுங்க அம்மணி” என்றான் அவன்.

“அப்பா அப்புறம் குடிப்பாருங்க” என்றவள், அவர் பக்கம் திரும்பினாள். “மொதல்ல போனவன் உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கலீங்கப்பா. நாளைக்கு நான் எங்காச்சும் உழுந்து கெடந்தா, நின்னு தூக்கற ஆளுதான் எனக்கு வேணும்.”

மேஸ்திரி ரொம்ப நேரம் காலை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு மரியாதையை நிமிர்ந்து பார்த்து, “நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு ஊட்டுக்கு வாங்க தம்பி, பேசுவோம்” என்றார். சற்றுமுன் அழுத ஸ்டீபன்தான் முதலில் கை தட்டினான்.

இத்தனைக்குப் பிறகும், யாராவது நாளைக்கே ஒரு பந்தயம் வைத்தால் மரியாதை இருக்கிற அணியில்தான் சேருவேன். தோற்றுப்போவோம் என்று நன்றாகத் தெரியும், இருந்தாலும் அவன் பக்கத்தில்தான் நிற்பேன்.